ரோலர் கோஸ்டர் மேடையில் நிற்பவருக்கு: லாக்கைச் சோதிப்பதும் ரயிலை அனுப்புவதும்

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில், கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ள தீம் பார்க்குகளில் நம் பிள்ளைகள் பலர் வேலைக்குச் சேர்கிறார்கள். ஜாலான் இம்பியில் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் கட்டடத்துக்குள்ளேயே ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. பண்டார் சன்வேயிலும் கெந்திங் மலையிலும் பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. சீருடை, சாப்பாட்டு நேரம், சம்பள நாள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் உண்டு. மேடையில் நின்று இருக்கைகளைச் சோதித்து ரயிலை அனுப்பும் வேலையின் காரணகாரியங்களைத் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்லும் எழுத்து குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். உங்கள் பூங்காவின் கையேடும் பயிற்சியாளரும் சொல்வதே இறுதியானது. அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு மேசையில் எரியும் பச்சை விளக்கு, பயணியை இருக்கையில் பிடித்துவைக்கும் கம்பி பூட்டிக்கொண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தக் கம்பிக்கும் உடலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது விளக்குக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள மேடையில் இருப்பவை உங்கள் கண்ணும் கையும்தான்.

கம்பி எதைப் பிடிக்கிறது

ரயில் தலைகீழாகச் சுற்றும் வளையத்தில்தான் ஆள் விழுந்துவிடுவார் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். போதிய வேகத்தில் ரயில் வளையத்தைச் சுற்றும்போது உடல் இருக்கையோடு அழுத்தப்படுகிறது. உடல் இருக்கையை விட்டு மேலே கிளம்புவது, மேட்டின் உச்சியைத் தாண்டி ரயில் சரிவில் இறங்கத் தொடங்கும் நொடியில்தான். தடம் கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. உடலோ வந்த திசையிலேயே தொடர்ந்து போகப் பார்க்கிறது. அந்த நொடியில் ஆளைப் பிடித்து வைப்பது தொடையின் மேற்பகுதியில், இடுப்பு மடியும் இடத்தில் கிடக்கும் லேப் பார். அது அந்த இடத்தில் எலும்போடு நெருங்கிக் கிடக்க வேண்டும். வயிற்றின் மேல் கிடந்தால், ஓட்டத்தின்போது வயிறு அமுங்க அமுங்க, மேடையில் இல்லாத இடைவெளி வழியில் உண்டாகிவிடும்.

தோளுக்கு மேலிருந்து இறங்கி மார்பின் முன்னால் நிற்கும் தோள்பிடி, உடம்பின் மேற்பகுதியையும் சேர்த்துப் பிடிக்கிறது. மெதுவாகப் புரளும் திருப்பங்களில் இது மிகவும் தேவை. ஆனால் தோள்பிடி பெரியதாகத் தெரிவதாலேயே அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. சிறிய உடல் அதற்குக் கீழே வழுக்கி வெளியே வர வழி உண்டு. அதனால்தான் இருக்கையின் நடுவில், கால்களுக்கு இடையே ஒரு மேடு அமைத்திருப்பார்கள். தோள்பிடியை இருக்கையோடு இணைக்க ஒரு பெல்ட்டும் வைத்திருப்பார்கள். கம்பியின் பூட்டு கைவிட்டாலும் அந்த பெல்ட் அதைத் திறக்க விடாது. இரண்டாம் காவலான அந்த பெல்ட்டை மாட்டாமல் ஒரு ரயிலும் கிளம்பக் கூடாது.

பூட்டும் முறை இரண்டு வகைப்படும். பழைய வகையில் பற்களில் ஒரு கொக்கி விழுந்து பிடிக்கும். இறக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் கம்பி நிற்காது. புதிய வகையில் ஹைட்ராலிக் சிலிண்டர் பிடிக்கும். சத்தம் வராது, எந்த இடத்திலும் நிற்கும். கடுமையான ரைடுகளில் ஒரே கம்பிக்கு இரண்டு தனித்தனிப் பூட்டுகள் இருக்கும்; ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்2291 தரநிலை, ரைடு உடலை எந்தத் திசையில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்துத் தடுப்புகளை 5 வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குத் தடுப்பே தேவையில்லை. ஐந்தாம் வகுப்புக்கு இத்தகைய இரட்டைப் பூட்டும் அதைக் கண்காணிக்கும் ஏற்பாடும் கட்டாயம்.

‘கரண்ட் போனால் கம்பி திறந்துகொள்ளுமா?’ என்று பயணிகள் உங்களிடம் அடிக்கடி கேட்பார்கள். திறக்காது. பூட்டியிருப்பதற்குச் சக்தி தேவைப்படாது, திறப்பதற்குத்தான் தேவை என்ற முறையில் அமைத்திருக்கிறார்கள். இந்தப் பதிலை நிதானமாகச் சொல்லிப் பழகுங்கள். வழியில் ரயில் நின்றுபோகும் நாளில் பயணிகள் பதறாமல் இருக்க அது உதவும்.

கையால் சோதிக்கும் முறை

பயணி உட்கார்ந்ததும் கம்பியைத் தேடாதீர்கள்; அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இடுப்பு இருக்கையின் பின்புறத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒருவர் முன்னால் நகர்ந்து சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தால், அதற்கு மேல் செய்யும் எந்தச் சோதனைக்கும் பயனில்லை. ‘அக்கா, நல்லாப் பின்னால தள்ளி உட்காருங்க’ என்று சொல்லிவிட்டு, அவர் நகரும்வரை காத்திருங்கள். மலாய்ப் பயணிகளிடம் ‘காக், சிலா டுடுக் ராப்பாட் கெ பெலாக்காங்’ என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். சீனப் பெரியவர்களுக்கும் பெரும்பாலும் அது விளங்கும்.

அடுத்து பெல்ட், அதன் பிறகு கம்பி. கம்பியை முதலில் பயணியே இறக்கட்டும், தன் உடம்புக்கு எது தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு ‘கம்பியைச் சரிபார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். மடியருகே கை போகும் வேலை என்பதால் இந்த ஒரு வார்த்தை முக்கியம். பெண்கள் அமரும் வரிசைக்குப் பெண் பணியாளர் இருந்தால் அவரைப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது. கம்பியை ஒருமுறை கீழே அழுத்துங்கள், தொடையில் படியும்வரை. பிறகு மேல்நோக்கி உறுதியாக இழுங்கள். பூட்டு பிடித்திருக்கிறதா என்பதை இழுப்பு சொல்லும். உடலைப் பிடித்திருக்கிறதா என்பதை அழுத்தம் சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போகிற பணியாளர்களை எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். கூட்டம் அதிகமான மாலை நேரத்தில் முதலில் கைவிடப்படுவது அந்த அழுத்தம்தான். மூச்சு முட்டும்படி அழுத்தவும் வேண்டாம். அடுத்த முறை அந்தப் பயணி வயிற்றை உப்பிக்கொண்டு உட்கார்ந்து உங்களை ஏமாற்றப் பார்ப்பார்.

எப்போதும் ஒரே வரிசையில் சோதியுங்கள். முன்னிருக்கையில் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் முன்னிருக்கையிலேயே தொடங்குங்கள். நடுவில் யாராவது கேள்வி கேட்டு உங்களை நிறுத்தினால், பதில் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் முதல் இருக்கைக்குத் திரும்புங்கள். ஆள் இல்லாத இருக்கையின் கம்பியையும் இறக்கிப் பூட்டி, இழுத்துப் பாருங்கள்.

இரண்டு பேருக்கு ஒரே கம்பி இருக்கும் பெட்டியில் கூடுதல் கவனம் வேண்டும். அப்பாவும் ஏழு வயது மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், கம்பி அப்பாவின் தொடையில் நின்றுவிடும். மகனுக்கு மேல் ஒரு கை அகலத்துக்கு இடம் காலியாக இருக்கும். விளக்கு அப்போதும் பச்சையாகவே எரியும். அந்த ரைடின் கையேடு இப்படி அமர்வதை அனுமதிக்கிறதா என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். அனுமதிக்காவிட்டால் இடம் மாற்றி உட்காரவைத்த பிறகே ரயிலை அனுப்புங்கள்.

விளக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்லாண்டோ நகரில் 2022 மார்ச் 24 அன்று நடந்ததே போதும். உயரமான கோபுரத்திலிருந்து இருக்கைகள் செங்குத்தாக இறங்கும் ரைடு அது. பெரிய உடம்பினர் உட்கார வசதியாக ஓர் இருக்கையின் சென்சாரை யாரோ கையால் மாற்றி வைத்திருந்ததால், தோள்பிடி வழக்கத்தைவிட அதிகமாக விலகியிருந்தும் பாதுகாப்பு விளக்கு எரிந்தது. பெல்ட் இல்லாத ரைடு. இறங்கி வரும்போது வேகம் தடைப்பட்ட இடத்தில் 14 வயதுச் சிறுவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னது. யாராவது ஒருவர் தோள்பிடிக்கும் அவன் மார்புக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் ரைடு கிளம்பியிருக்காது.

உயரமும் உடம்பும்

குறைந்தபட்ச உயரம் என்பது வயதையோ துணிச்சலையோ அளக்கும் அளவு அல்ல. கம்பி எந்த உடம்பைப் பிடிக்கும் என்று வடிவமைத்தவர்கள் கணக்கிட்டார்களோ, அந்த உடம்பின் தொடக்கப் புள்ளி அது. அதனால் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் குறைவுதான். அளக்கும்போது தொப்பியைக் கழற்றச் சொல்லுங்கள், உச்சிக் கொண்டையைக் கணக்கில் எடுக்காதீர்கள், குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு மேடையில் வைத்து ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவது கொடுமையான காரியம். வரிசையின் வாசலிலேயே அளந்துவிடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள், பள்ளியிலேயே உயரத்தை அளந்து பட்டியல் தயாரித்துக்கொண்டு வந்தால் அன்றைய நாள் எல்லோருக்கும் நல்லபடியாகப் போகும்.

பெரிய உடம்புள்ளவர்களுக்கும் இதே நியாயம்தான். வாசலில் மாதிரி இருக்கை இருந்தால், அமைதியாக அங்கே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மேடையில் எல்லோர் முன்னிலையிலும் கம்பியோடு போராடவைத்து, இரண்டு பணியாளர்கள் சேர்ந்து அழுத்திப் பூட்டுவது அவருக்கு அவமானம், ஆபத்தும்கூட.

கால் இழந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில் 2011 ஜூலையில், ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் தோள்பிடி இல்லாத, லேப் பார் உள்ள கோஸ்டரில் ஏற்றப்பட்டார். அந்த ரைடுக்கு இரண்டு கால்களும் இருக்க வேண்டும் என்று விதி எழுதப்பட்டிருந்தது. தொடை இல்லாத உடம்பை அந்தக் கம்பியால் பிடிக்க முடியவில்லை. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். பரிவோடு ஒருவரை ஏற்றுவதற்கும் அவரைக் காப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதை நான் பயிற்சி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் இந்தச் சம்பவத்தை வைத்தே சொல்கிறேன். மறுக்கும்போது குரலைத் தாழ்த்தி, காரணத்தைச் சொல்லி, அவர் ஏறக்கூடிய ரைடுகளின் பெயரையும் சொல்லுங்கள். ‘ஐயா, இந்தக் கம்பி தொடையில்தான் பிடிக்கும், உங்களைப் பத்திரமாகப் பிடிக்காது’ என்பதைப் புரிந்துகொள்ளாதவர்கள் மிகக் குறைவு. வாக்குவாதம் வளர்ந்தால் மேற்பார்வையாளரை அழையுங்கள். ஆனால் அதுவரை ரயில் நிற்கட்டும்.

உடையையும் பொருளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கைப்பேசி, மூக்குக் கண்ணாடி, செலிப்பார் (செருப்பு), சாவிக்கொத்து எல்லாம் பொருள் வைக்கும் பெட்டிக்குள் போகட்டும். பறக்கும் கைப்பேசி கீழே நிற்பவரின் தலையை உடைக்கும். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் மலாய்ப் பெண்கள் அணியும் தலைத்துணியான தூடோங்கின் நுனியையும் உடைக்குள் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கரத்தில் துணி சிக்கினால் கழுத்தை இறுக்கும். கர்ப்பம், இதய நோய், அண்மையில் செய்த அறுவைச் சிகிச்சை போன்றவை உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அறிவிப்பை அவசரமாக ஒப்பிக்காமல் காதில் விழும்படி சொல்லுங்கள்.

ரயிலை அனுப்புதல்

எல்லா இருக்கைகளையும் சோதித்து முடித்த பணியாளர், மஞ்சள் கோட்டுக்கு இப்பால் வந்து நின்று, கையை நன்றாக உயர்த்திக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். மறுபக்கத்தில் நிற்பவரும் அப்படியே காட்ட வேண்டும். பல பூங்காக்களில் மேடையில் ஒரு பொத்தானையும் கட்டுப்பாட்டு மேசையில் இன்னொரு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் ரயில் நகரும். அந்த அமைப்பின் நோக்கம் இரண்டு மனிதர்கள் தனித்தனியாக ‘சரி’ என்று முடிவெடுப்பது. மேசையில் இருப்பவர் அழுத்திவிட்டார் என்பதற்காகக் கை தானாகப் பொத்தானுக்குப் போனால், இரண்டு பொத்தான் இருந்தும் அங்கே முடிவெடுத்தவர் ஒருவர்தான்.

தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றை பிளாக் என்கிறோம். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில் மட்டுமே இருக்கலாம். ஒவ்வொரு பிளாக்கின் முடிவிலும் ரயிலை முழுமையாக நிறுத்தக்கூடிய ஓர் ஏற்பாடு இருக்கும்: தூக்கிச் செல்லும் சங்கிலி, நடுவழி பிரேக், மேடை. முன்னால் போன ரயில் அடுத்த பிளாக்கைக் காலி செய்யாதவரை, பின்னால் வரும் ரயிலை கணினி அங்கேயே நிறுத்திவிடும். உராய்வு பிரேக்குகள் பெரும்பாலும் ஸ்பிரிங் விசையால் மூடிக்கொள்பவை, திறப்பதற்குத்தான் காற்றழுத்தம் வேண்டும். காந்த பிரேக்குக்கு மின்சாரமே வேண்டாம், ஆனால் அது வேகத்தைக் குறைக்குமே தவிர ரயிலை முற்றாக நிறுத்தாது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய பாரம் இறங்கும். நீங்கள் மேடையில் தாமதித்தால், பின்னால் வரும் ரயில் மேடைக்கு வெளியே உள்ள பிரேக்கில் நின்று காத்திருக்கும். பயணிகள் முகம் சுளிப்பார்கள். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்கு மேல் எதுவும் ஆகாது. பள்ளி விடுமுறையிலும் தீபாவளி வாரத்திலும் வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், தாமதத்தால் யாருக்கும் காயம் வராது.

ஆபத்து வருவது இந்தக் காவலை மனிதர்கள் மீறும்போதுதான். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 அன்று, ஸ்மைலர் என்ற கோஸ்டரின் தடத்தில் காலி ரயில் ஒன்று நின்றுபோயிருந்தது. கணினி அடுத்த ரயிலை நிறுத்திவைத்தது. அன்று கூடுதலாக ஒரு ரயில் தடத்தில் சேர்க்கப்பட்டிருந்ததை அறியாத பொறியாளர்கள், கணினி பிழையாகச் சொல்கிறது என்று எண்ணி, அதை மீறி 16 பேர் இருந்த ரயிலை அனுப்பினார்கள். மோதலில் பலர் படுகாயமடைந்தார்கள். இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். 2016 செப்டம்பரில் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தனிமனிதர்களின் தவறு என்று விடாமல், இப்படி ஒரு தவறுக்கு இடம்கொடுத்த வேலைமுறையையே விசாரணை குற்றம் சாட்டியது. ஆகவே கணினி ரயிலை நிறுத்தினால், ரயில்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எண்ணிய பிறகே மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும். மீறும் அதிகாரம் உங்களிடம் இல்லை. அந்த அதிகாரம் உள்ளவர் கேட்கும்போது, நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள்.

நின்றுபோகும்போதும் மழை வரும்போதும்

அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் ரயில் நின்ற இடத்திலேயே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும் ரயிலை எதனாலும் நிறுத்த முடியாது. சங்கிலி நிற்கும், பிரேக்குகள் மூடும், ரயில் அடுத்த பிரேக் இருக்கும் இடம்வரை ஓடித்தான் நிற்கும். அதனால் சந்தேகம் வந்த நொடியிலேயே, ரயில் மேடையை விட்டு வெளியேறுவதற்கு முன், அழுத்துங்கள். சந்தேகம் வீணாகிப்போனாலும் யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது. கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளரின் கீழ் அடுத்த முறை கை தயங்கும்.

ஏறும் சரிவில் கேட்கும் ‘டக் டக்’ சத்தம், சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் பிடிக்கும் கொக்கியின் சத்தம். லண்டன் பேட்டர்சீ பூங்காவில் 1972 மே 30 அன்று, மேலே இழுத்துச் சென்ற கயிற்றிலிருந்து விடுபட்ட ரயில் பின்னோக்கி உருண்டு 5 சிறுவர்கள் இறந்தார்கள். வழக்கமான அந்தச் சத்தம் ஒருநாள் மாறிக் கேட்டால், ரயிலை நிறுத்தி பொறியாளரை அழைப்பது உங்கள் வேலை.

ஏறும் சரிவில் ரயில் நின்றுவிட்டால் பயணிகளை இறக்குவது பயிற்சி பெற்ற குழுவின் பொறுப்பு. உங்கள் பொறுப்பு, ஒலிபெருக்கியில் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு இருக்கையாகத் திறந்து ஒருவர் ஒருவராக இறக்குவார்கள். ஏறியவர்களின் எண்ணிக்கையும் இறங்கியவர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

கட்டடத்துக்குள் ஓடும் கோஸ்டருக்கு மழை ஒரு பொருட்டல்ல. திறந்தவெளிப் பூங்காவில் அப்படியல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. இடி கேட்ட பிறகு வரிசையில் இருப்பவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் ரயில் ஏறக் கூடாது. மின்னல் எச்சரிக்கைக்கும் காற்றின் வேகத்துக்கும் கையேட்டில் எழுதப்பட்டிருக்கும் எல்லை எதுவோ, அதுவே எல்லை.

பினாங்கு சுங்கை நிபோங்கின் பெஸ்தா போன்ற விழாக்களில், இடம்விட்டு இடம் கொண்டுசெல்லப்படும் ரைடுகளில் வேலை கிடைத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அவை ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பொருத்தப்படுபவை. மழையில் மண் இளகி அடித்தளம் சாய்ந்திருக்கிறதா, இணைப்பு ஊசிகளும் அவற்றின் கிளிப்புகளும் முழுமையாக இருக்கின்றனவா என்று தினமும் காலையில் பார்ப்பவருடன் நீங்களும் நடந்து பாருங்கள்.

சட்டமும் பதிவேடும்

மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளி அல்லாதவர்களுக்கும் ஆபத்து வராமல் காக்கும் கடமையை முதலாளியின் மேல் வைக்கிறது. பயணிகள் அதற்குள் வருகிறார்கள். 25ஆம் பிரிவு, பாதுகாப்புக்கென வைத்த எதையும் வேண்டுமென்றோ அலட்சியமாகவோ குலைப்பதைத் தடுக்கிறது; அது உங்களையும் கட்டும். சென்சாரின் மேல் டேப்பை ஒட்டுவதும் பெல்ட்டின் கொக்கியை வெறுமனே சொருகி வைப்பதும் இதில் அடங்கும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காதபோது அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. பகுதி நேர வேலைக்கு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

காலையில் பராமரிப்புக் குழு தடத்தில் நடந்து பார்த்து, சக்கரங்களையும் கம்பிகளையும் சோதித்து, காலி ரயிலைப் பலமுறை ஓட்டிக் கையெழுத்திட்ட பிறகே ரைடு உங்கள் கைக்கு வரும். அந்தக் கையெழுத்தை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். பகலில் ஓர் இருக்கையின் விளக்கு ஒருமுறை மினுங்கிவிட்டுச் சரியாகிவிட்டாலும், நேரத்தையும் ரயில் எண்ணையும் இருக்கை எண்ணையும் பதிவேட்டில் எழுதுங்கள். அந்த இருக்கையை மூடிவையுங்கள். பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும்வரை அதில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, வாயாலும் சொல்லிவிட்டு, அவர் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.